நீதிமன்றம் செல்லாமல் வழக்குத் தீர்த்தல்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து

இரு தரப்பினருக்கு இடையே எழும் சட்டச் சிக்கலை, நீதிபதி விசாரித்துத் தீர்ப்பு எழுதும் வழியில் அல்லாமல், சமரசப் பேச்சு, மக்கள் நீதிமன்றம், நடுவர் தீர்ப்பு போன்ற வழிகளில் முடித்துக்கொள்வது மாற்றுமுறைத் தீர்வு எனப்படும். இந்தியாவில் இதற்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. ஆனால் பழக்கம் சட்டத்தைவிடப் பழையது. மதுரையைச் சுற்றியுள்ள மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிகளில் வரப்புத் தகராறு, பாதைத் தகராறு, பாகப்பிரிவினை, கொடுக்கல் வாங்கல் எதுவானாலும் முதலில் "நாலு பேரை வைத்துப் பேசுவது" என்பது இன்றும் வழக்கம். அந்த நாலு பேர் யார், அவர்கள் சொல்வதற்குச் சட்டத்தில் என்ன மதிப்பு, பிடிக்காதவர் எழுந்து போக முடியுமா என்பவையே இங்கு முக்கியமான கேள்விகள்.

பழைய மன்றங்கள்

மதுரை என்றதும் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நினைவுக்கு வரும். அது அரசனின் அவையில் நடந்தது. பெரியோர் அவையில் தீர்ந்த வழக்கு ஒன்றும் மதுரைக்கு உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் மாமனாக வந்து வழக்குரைத்த படலம் அது. பிள்ளையில்லாத வணிகன் தனபதி, தன் தங்கை மகனை வளர்த்துவருகிறான். தங்கை சொன்ன சுடுசொல் பொறுக்காமல், சொத்தை அந்தப் பிள்ளைக்கு விட்டுவிட்டுத் தவம் செய்யப் போய்விடுகிறான். தாயத்தார் சொத்தைப் பறித்துக்கொள்கிறார்கள். தாயும் பிள்ளையும் சொக்கநாதரிடம் முறையிட, இறைவனே தனபதி வடிவில் வந்து பெரியோர் அவையில் வழக்காடி மீட்டுத் தருகிறார். கதை புராணம்தான்; ஆனால் அதில் உள்ள வழக்கு இன்று எந்த முன்சீப் நீதிமன்றத்திலும் காணக்கூடிய சொத்துத் தகராறு. ஆண் துணையற்ற தாயின் பேச்சு எடுபட ஒரு மாமன் வந்து நிற்க வேண்டியிருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

ஆங்கிலேயர் ஆட்சியில், தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816-இல் சென்னை மாகாணத்தில் கிராம முன்சீப்புக்குச் சிறு தொகை வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் தரப்பட்டது. பின்னர் 1889-ஆம் ஆண்டின் முதலாம் சட்டமான சென்னைக் கிராம நீதிமன்றச் சட்டம் இதை விரிவாக்கியது. ஊர்த் தலைவரையே அரசின் நீதிபதியாக்கும் ஏற்பாடு இது. பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை 1980-இல் தமிழக அரசு ஒழித்தது. அதன்பின் வந்த கிராம நிர்வாக அலுவலருக்கு வழக்குத் தீர்க்கும் அதிகாரம் கிடையாது. பட்டா, அடங்கல் விவரம் கேட்க அவரிடம் போகலாம். நிலம் யாருக்கு உரியது என்று அவர் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஊர்க்கூட்டமும் கட்டப்பஞ்சாயத்தும்

மந்தையிலோ சாவடியிலோ ஊரார் கூடிப் பேசுவது தவறன்று. இரு தரப்பும் விரும்பி வந்து, பெரியவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டால் அது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்திற்குச் சட்டத்தில் இடம் உண்டு. சொன்னதைக் கேட்காதவரை ஊர்விலக்கு செய்வது, அபராதம் கட்டச் சொல்வது, காவல் நிலையத்துக்குப் போகக்கூடாது என்று தடுப்பது ஆகியவை தொடங்கும்போது அது கட்டப்பஞ்சாயத்து ஆகிறது. 2011 ஏப்ரல் 19 அன்று ஆறுமுகம் சேர்வை எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டப்பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை, அவற்றை ஒழிக்க வேண்டும் என்று கூறியது. அந்த அமர்வில் இருந்தவர் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு. 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கப்பட்டபோது அங்குத் தலைமை நீதிபதியாக இருந்தவரும் அவரே. ஒன்றை வளர்த்து மற்றொன்றை வேரறுக்கச் சொன்னதில் முரண் இல்லை. சமரச மையத்தில் "எனக்கு ஒப்புதல் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம். கட்டப்பஞ்சாயத்தில் அது முடியாது.

ஊர்க்கூட்டத்தில் நெடுங்காலமாகக் கேட்கப்படாத குரல் பெண்களுடையது. பாகப்பிரிவினை பேசும்போது அண்ணன் தம்பிகள் மட்டும் உட்காருவார்கள். அக்கா தங்கைகளுக்கு "சீர் செய்தாயிற்று" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கை அளித்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே சகோதரிகளைக் கேட்காமல் எழுதிய பங்கு, எத்தனை பெரியவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும், பிறகு வழக்குக்கு உள்ளாகும். அவர்கள் தம் பங்கை விட்டுத்தர மனமுவந்து சம்மதித்தால் அதைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமாக எழுதிக்கொள்ள வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகத்தின் வாசலில் வைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்லக்கூடாது.

கூர்சீட்டு

ஊரில் பேசி முடித்ததை எழுதிவைக்கும் தாள் கூர்சீட்டு எனப்படும். இதில் பலர் ஏமாந்து போகிறார்கள். "இந்தப் பத்திரத்தின் மூலம் நாங்கள் சொத்தைப் பிரித்துக்கொள்கிறோம்" என்று எழுதினால் அது பாகப்பிரிவினைப் பத்திரம்; பதிவுச் சட்டம் பிரிவு 17-இன்படி பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத அந்தத் தாளைப் பிரிவினைக்குச் சான்றாக நீதிமன்றம் ஏற்காது. "முன்பே வாய்மொழியாகப் பிரித்து அனுபவித்து வருகிறோம், அதை நினைவுக்காகக் குறித்துக்கொள்கிறோம்" என்று எழுதினால் பதிவு கட்டாயமில்லை. வேறுபாடு ஒரு வினைமுற்றின் காலத்தில் இருக்கிறது. இலக்கண வகுப்பில் இறந்தகாலம், நிகழ்காலம் படிக்கும் மாணவர்களுக்கு அதனால் ஒரு ஏக்கர் நிலம் கைமாறலாம் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். ஆயினும், நடக்காத வாய்மொழிப் பிரிவினையை நடந்ததாக எழுதினால் அது உண்மையாகிவிடாது. செலவைப் பாராமல் பதிவு செய்துகொள்வதே நல்லது.

நீதிமன்ற வழியின் நீளம்

பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்ற முதனிலைத் தீர்ப்பாணை வரும். பிறகு வழக்கறிஞர் ஆணையர் நிலத்தைப் பார்த்து அளந்து அறிக்கை தந்தபின் இறுதித் தீர்ப்பாணை. அதன்பின் நிறைவேற்று மனு. ஒவ்வொரு படியிலும் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. 2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்படும்வரை தென் மாவட்டத்து உழவர் இரண்டாம் மேல்முறையீட்டுக்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. தொடக்கத்தில் 13 மாவட்டங்களுக்கு உரியதாக அமைந்த அந்தக் கிளை தூரத்தைக் குறைத்தது. வழக்கின் படிகளை அது குறைக்கவில்லை.

தீர்ப்பால் தீராதவையும் உண்டு. எடுத்துக்காட்டாக, உசிலம்பட்டிப் பக்கத்தில் இரண்டு சகோதரர்களுக்கு ஒரு கூட்டுக் கிணறு. மின் இணைப்பு மூத்தவர் பெயரில். ஆளுக்குப் பாதி என்று நீதிமன்றம் சொல்லிவிடும். கோடையில் எந்த நாள் யார் மோட்டாரைப் போடுவது, தூர்வாரும் செலவை யார் தருவது, குழாய் யார் வரப்பின் வழியே போகும், மூத்தவர் இறந்தால் மின் இணைப்பு என்னவாகும் என்பவை வழக்கில் கேட்கப்பட்டிருக்காது. கேட்காததற்குத் தீர்ப்பும் வராது. சமரசத்தில் இவை அனைத்தையும் எழுதிக்கொள்ளலாம். முறை வைத்து நீர் பாய்ச்சிப் பழகிய ஊரில் இது யாருக்கும் விளங்காத ஏற்பாடு அன்று.

பிரிவு 89

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது பிரிவு 89. தீர்வுக்கு வாய்ப்புள்ள வழக்கை நடுவர் தீர்ப்பு, இணக்கப் பேச்சு, மக்கள் நீதிமன்றம் உள்ளிட்ட நீதிவழித் தீர்வு, சமரசம் ஆகியவற்றில் ஒன்றுக்கு நீதிமன்றம் அனுப்பலாம் என்பது அதன் சாரம். இந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2002-இலும் 2005-இலும் வந்த தீர்ப்புகள் திருத்தங்கள் செல்லும் என்றன; நீதிபதி எம். ஜகந்நாத ராவ் தலைமையிலான குழு மாதிரி விதிகளை வகுத்தது. நாடு முழுவதும் நீதிமன்றச் சமரசத்துக்கு வழிவிட்ட வழக்கு இன்றும் சட்ட நூல்களில் சேலத்தின் பெயரால் வழங்குகிறது.

பிரிவு 89-இல் ஒரு பிழை இருந்தது. சமரசம், நீதிவழித் தீர்வு என்ற இரு சொற்களுக்கான விளக்கங்கள் இடம் மாறி அச்சாகியிருந்தன. வினாத்தாளில் "பொருத்துக" பகுதியில் இரண்டு விடைகள் மாறியது போல. 2010-இல் ஆப்கான்ஸ் எதிர் செரியன் வர்க்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டி, மாற்றிப் படித்துக்கொள்ளும்படி கூறியது. எவ்வகை வழக்குகள் சமரசத்துக்கு ஏற்றவை அல்ல என்பதையும் அதே தீர்ப்பு விளக்கியது. பொதுப் பதவிக்கான தேர்தல் வழக்கு, பலர் சார்பாகத் தொடுக்கப்பட்ட பொதுநல வகை வழக்கு, போலிப் பத்திரம், மோசடி என்ற கடுமையான குற்றச்சாட்டு உள்ளவை, சிறுவர், மனநலம் குன்றியோர், கோயில் தெய்வம் ஆகியோரின் நலனை நீதிமன்றம் காக்க வேண்டியவை, குற்றவியல் வழக்குகள் ஆகியவை அவை. கோயில் நிலமும் கண்மாய்ப் பாசனமும் நிறைந்த மதுரை வட்டாரத்துக்கு இது முக்கியம். சிலர் உட்கார்ந்து பேசி ஊர்க் கண்மாயின் உரிமையை விட்டுத்தர முடியாது. பலர் சார்பான வழக்கில் சமாதானம் செய்ய நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும்.

குற்ற வழக்குகளில் சமாதானமாகத் தீர்க்கக்கூடியவை எவை என்று சட்டமே சொல்லியிருக்கிறது. காசோலை மோசடி வழக்கு அவற்றில் ஒன்று. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தைப் பணம் கொடுத்தோ திருமணம் பேசியோ முடித்துவைக்க எந்த மன்றத்துக்கும் அதிகாரம் இல்லை.

சமரச மையம்

தமிழ்நாடு சமரச மற்றும் இணக்க மையம் 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் இதுவே. பின்னர் மதுரைக் கிளையிலும் மாவட்டங்களிலும் இம்முறை பரவியது. பயிற்சி பெற்ற சமரசர் முதலில் இரு தரப்பையும் ஒன்றாக வைத்துப் பேசுவார். பிறகு தனித்தனியே கேட்பார். தனியே சொன்னதை, சொன்னவர் அனுமதியின்றி மற்றவரிடம் சொல்லமாட்டார். அங்குப் பேசியது எதையும் பின்னர் நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. "பத்தாயிரம் குறைத்துக்கொள்கிறேன் என்று அன்று சொன்னாரே" என்று யாரும் எடுத்துப் பேச முடியாது என்பதால்தான் ஆட்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள்.

பேச்சு எப்போதும் பலிக்கும் என்றில்லை. அயோத்தி வழக்கில் 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அமைத்த மூவர் சமரசக் குழுவில், காரைக்குடியில் பிறந்த நீதிபதி இப்ராகிம் கலிபுல்லாவும், சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுவும் இருந்தனர். சமரசம் கூடிவரவில்லை, நவம்பர் 9 அன்று நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் இந்த முறைக்குத் தனிச் சட்ட அடித்தளம் தந்தது. பேச்சை 120 நாளில் முடிக்க வேண்டும். இரு தரப்பும் ஒத்தால் மேலும் 60 நாள் நீட்டலாம். எழுதிக் கையெழுத்திட்ட தீர்வு ஒப்பந்தத்தை நீதிமன்றத் தீர்ப்பாணை போல நிறைவேற்றலாம். மோசடி, லஞ்சம், ஆள்மாறாட்டம், சமரசத்துக்கு உட்படாத பொருள் ஆகிய காரணங்களுக்காக மட்டுமே எதிர்க்கலாம். ஊரின் அமைதி தொடர்பான சச்சரவுக்கு மூன்று சமரசர் கொண்ட சமுதாயச் சமரசத்துக்கும் இச்சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதில் எட்டும் உடன்பாட்டுக்குத் தீர்ப்பாணையின் வலிமை இல்லை. பழைய ஊர்க்கூட்டத்துக்குச் சட்டம் ஒரு நாற்காலி போட்டது. கையில் பிரம்பு கொடுக்கவில்லை.

இலங்கையில் 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் அமைந்தன. குறிப்பிட்ட வகைச் சிறு வழக்குகள் முதலில் அங்குச் சென்று, தீரவில்லை என்ற சான்றிதழோடுதான் நீதிமன்றம் வர முடியும். இந்தியாவில் வழக்குக்கு முந்தைய சமரசம் பொதுவாக விருப்பத்தைப் பொறுத்தது. அவசர நிவாரணம் கோராத வணிக வழக்குகளுக்கு மட்டும் கட்டாயம்.

மக்கள் நீதிமன்றம்

லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றம், 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்கீழ் நடக்கிறது. மதுரையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் சட்டப் பணிகள் குழுக்களும் இதை நடத்துகின்றன. பணியிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதியுடன் வழக்கறிஞரோ சமூகப் பணியாளரோ அமர்வார். தேசிய மக்கள் நீதிமன்றம் ஆண்டுக்கு நான்கு முறை, பெரும்பாலும் இரண்டாம் சனிக்கிழமையில் கூடும். விபத்து இழப்பீடு, வங்கிக் கடன், காசோலை வழக்கு போன்றவை அதிகம் வரும். நிலுவை வழக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. வழக்குத் தொடுக்கும் முன்பே மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை.

நிலுவை வழக்கு இங்கு முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பணம் கோரும் வழக்குக்குத் தமிழ்நாட்டில் 2017-க்குப் பின் கட்டணம் 3 விழுக்காடு. பத்து லட்ச ரூபாய் வழக்கில் முப்பதாயிரம் என்பது சிறு தொகையன்று. இரு தரப்பும் தாமாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு பற்றி, சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகமே தொடுத்த மேல்முறையீட்டில் வந்த தீர்ப்பு அது.

உடன்பாடு ஏற்படாவிட்டால் வழக்கு பழைய நீதிமன்றத்துக்கே திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடரும். யாருக்கும் நட்டமில்லை. உடன்பாடு ஏற்பட்டால் நிலைமை வேறு. மக்கள் நீதிமன்றத்தின் தீர்வாணை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அது இறுதியானது, மேல்முறையீடு கிடையாது. சம்மதமே இல்லாமல் பெறப்பட்டது, ஏமாற்றிப் பெறப்பட்டது போன்ற மிகக் குறுகிய காரணங்களுக்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டுமே போட முடியும். 2008-இல் ஜலூர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

ஒரே நாளில் ஏராளமான வழக்குகள் கூடும் இடத்தில் ஒரு வழக்குக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். கணவனை விபத்தில் இழந்த பெண், காப்பீட்டு நிறுவனம் சொல்லும் தொகையைக் கேட்டதும், "இன்றே முடிந்துவிடும்" என்ற ஆறுதலில் கையெழுத்திட்டுவிடலாம். தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வரும், வராவிட்டால் வட்டி என்ன, பிள்ளைகளின் பங்கு எந்த வங்கியில் போடப்படும் என்பவை தீர்வாணையில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அடுத்த அமர்வுக்கு வருகிறேன் என்று சொல்லவும் உரிமை உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். உதவி எண் 15100.

நடுவர் தீர்ப்பு

இது சமரசம் அன்று. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தனியார் நடுவர், 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விசாரித்துத் தீர்ப்பே சொல்லிவிடுவார். சரக்கு ஆட்டோவுக்கோ டிராக்டருக்கோ நிதி நிறுவனத்தில் கடன் வாங்கும்போது கையெழுத்திடும் படிவத்தில் பெரும்பாலும் இந்த நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கும். தவணை தவறியபின் எங்கோ ஒரு நகரத்திலிருந்து நடுவரின் அறிவிப்பு வரும். அதைப் பிரிக்காமல் பரணில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. நடுவர் தீர்ப்பை எதிர்க்க மூன்று மாதமும், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 30 நாளும் மட்டுமே உண்டு. வழக்கில் நலன் உள்ள ஒரு தரப்பு தானாகவே தனி நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் கூறப்பட்டிருப்பது கடன்காரர் அறிய வேண்டிய செய்தி.

காலவரம்பு

ஊரில் பேசிக்கொண்டிருப்பதால் மட்டும் வழக்குக்கான காலவரம்பு நின்றுவிடாது. புரோநோட்டுக் கடனுக்கு மூன்று ஆண்டு. நிலத்தின் சுவாதீனத்தை உரிமையின் அடிப்படையில் மீட்கப் பன்னிரண்டு ஆண்டு. "அடுத்த பொங்கலுக்குத் தருகிறேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பி மூன்று ஆண்டைக் கடத்திவிட்டால் பிறகு சமரசத்துக்கு அழைக்கவும் பிடி இருக்காது. காலவரம்பு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்து வாங்கினால் அந்த நாளிலிருந்து புதிதாகக் காலம் தொடங்கும்.

நிறைவேற்றம்

தீர்வாணை பெற்றபின் எதிர்த்தரப்பு பணம் தராவிட்டாலோ நிலத்தை விடாவிட்டாலோ புதிய வழக்குப் போட வேண்டியதில்லை. அதையே தீர்ப்பாணையாகக் கொண்டு உரிமையியல் நீதிமன்றத்தில் நிறைவேற்று மனுத் தாக்கல் செய்யலாம். பணத்துக்கும் சுவாதீனத்துக்கும் இதற்குப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. காசோலை வழக்கு போன்ற குற்றவியல் வழக்கிலிருந்து மக்கள் நீதிமன்றத்துக்கு வந்து முடிந்தவையும் இவ்வாறே நிறைவேற்றத்தக்கவை என்று 2011-இல் கோவிந்தன் குட்டி மேனன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தீர்வாணையின் சான்றிட்ட நகலை அன்றே கேட்டு வாங்கி, கூர்சீட்டும் பட்டாவும் இருக்கும் அதே பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும்.